அறுநூற்றுப் பன்னிரண்டாவது நாள்

பன்னிரண்டே முக்காலுக்குச் சாந்தாமணி பிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து, அதன் மேல் டேபை வைத்து விளையாட்டைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் சின்னத் தீயில் பச்சைப்பயறு வெந்துகொண்டிருந்தது. விளையாட்டுக்குள் ஒரு நாள் முடிவது நம் பகல் ஒன்றரைக்கு, அது எந்த ஊர்க் கணக்கோ தெரியாது, மகள் பிரவீணா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதற்குள் நான்கு வேலையையும் முடித்துவிட்டால் மூலையில் விடாமல் முடித்த நாள் கணக்காக இருக்கும் அறுநூற்றுப் பதினொன்று அறுநூற்றுப் பன்னிரண்டாக மாறும், கணீரென்று ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். அதை முடித்துவிட்டு யோசிக்கலாம். இரண்டு மணிக்கு மேனேஜர் தேவசகாயம் கூப்பிடுவார், ஒரிசாவுக்குப் போகிறாளா இல்லையா என்று கேட்பார், ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதன்கிழமையிலிருந்து யோசித்து வராதது இந்த முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுமா என்ன. முதல் வேலை தண்ணீர் இறைப்பது. பச்சைத் தொப்பி போட்ட பெண்ணைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி வாளியை அமுத்தினாள். பன்னிரண்டு வாளி. ஒன்று. இரண்டு. குதிரைத் தொட்டியில் ஊற்றும்போது வரும் சத்தம் அவளுக்குப் பிடிக்கும், நிஜத் தண்ணீர் மாதிரியே இருக்கும், ஆனால் எத்தனை ஊற்றினாலும் மறுநாள் தொட்டி காய்ந்து கிடக்கும். குதிரைகளுக்கு அறுநூற்றுப் பதினோரு நாளாகத் தாகம் அடங்கவில்லை. மூன்று. நான்கு.

மூன்று மாதம் என்றார் தேவசகாயம். பனியன் கம்பெனி அங்கே புதிதாக ஒரு யூனிட் போட்டிருக்கிறது, ஊர்ப் பெயரை இரண்டு தடவை கேட்டும் அவள் வாயில் நிற்கவில்லை, நாற்பது பெண்களுக்குச் செக்கிங், தைத்து வரும் பீஸில் தப்புப் பார்க்கிற வேலை, சொல்லிக் கொடுக்க வேண்டும். ரயிலில் ஒன்றரை நாள். தனியாக இல்லை, கட்டிங் மாஸ்டரும் அவர் சம்சாரமும் கூட வருகிறார்கள், தங்குவதற்கு வீடு பார்த்தாகிவிட்டது, சமைக்க அடுப்பு இருக்கிறது. "நீங்க இருபத்தாறு வருஷமா பார்க்கறீங்கக்கா. உங்க கையிலிருந்து ஒரு டேமேஜ் பீஸ் தப்பிப் போயிருக்குதா சொல்லுங்க" என்று எல்லோரும் இருக்கும்போதே கேட்டார். அது தப்பு. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அங்கேயே மாட்டேன் என்று சொல்லி முடித்திருப்பாள், சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்தும் போயிருக்கும். எல்லோர் முன்னாலும் கேட்டதால்தான் பக்கத்து டேபிள் சரோஜினி கையிலிருந்த டி-ஷர்ட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா பழனியத் தாண்டினதில்லீங்க சார். ஒட்டன்சத்திரம் போர்டப் பார்த்தாலே அழுதுருவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரிக்கும்போதே தெரிந்தது, சரோஜினி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று. ஏழு. எட்டு. இல்லை, எட்டு முன்பே ஆகிவிட்டது, இது ஒன்பது. விளையாட்டு தானாக எண்ணிக்கொள்ளும், அவள் எண்ணத் தேவையில்லை, ஆனாலும் வாய் எண்ணுகிறது, டேபிளில் பீஸ் எண்ணுகிற மாதிரி.

இரண்டாவது வேலை காளான். கிணற்றடியிலிருந்து காற்றாலை மேடு வரைக்கும் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போகும், அதன் மேலேயே நடந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டும் போகலாம். இந்தக் கோடு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவள் அன்றைக்கு டேபைத் தொட்டிருக்கவே மாட்டாள். பிரவீணா ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்த வாரம் அது. கை வலியைவிட அவளுக்கு இதுதான் பெரிய வலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றரை மணி தாண்டிப்போய், சேர்த்து வைத்திருந்த நாற்பது நாளும் அழிந்துவிட்டதாம். இருபத்திரண்டு வயதுப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மறுபடி ஒண்ணுல இருந்தும்மா" என்றாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் செய்கிறேன் சொல்லிக் கொடு என்று கேட்டது. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து இடது கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். "இங்க அமுத்தும்மா. விடு. இப்ப இழு. ஐயோ, அவ சுவத்துல முட்டறா பாரு." மூன்று வாரம் அப்படி. கட்டுப் பிரித்த பிறகு கொஞ்ச நாள் அவளே விளையாடினாள். வேலை கிடைத்துப் புனேவுக்குக் கிளம்பும்போது டேபை இங்கேயே விட்டுவிட்டு, "அம்மா, எனக்கு நேரமிருக்காது, நீயே தெனமும் பண்ணிர்றயா?" என்றாள். செய்கிறேன் என்றாள் சாந்தாமணி. குளித்துவிட்டுத் துணி காயப் போடுவது மாதிரி அதுவும் ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டது. கம்பெனி நாட்களில் மதிய இடைவேளைக்குத் வீட்டுக்கு ஓடி வந்து, சோற்றை வாயில் போட்டுக்கொண்டே காளான் பறித்துவிட்டு ஓடுவாள். காய்ச்சலில் கிடந்த அன்றும் பறித்தாள். நாத்தனார் மகன் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது மண்டபத்துக் கழிவறைக்குப் பக்கத்தில் நின்று பறித்தாள். பதினாலு, பதினஞ்சு. எல்லாக் காளானும் எப்போதும் அதே இடத்தில்தான் முளைக்கும். கல்லுக்கு இடப்பக்கம் மூன்று, வேலியோரம் ஐந்து.

வேலியோரக் காளானைக் குனிந்து எடுக்கும்போதுதான் ஒரிசா யோசனை மறுபடி வந்து தட்டியது. புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போது புருஷன் நாச்சிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "போறதுன்னா போ. வேண்டாம்னா இரு. என்னையக் கேட்டா?" என்றார். இப்படிச் சொல்கிற மனுஷனை என்ன செய்வது. கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "எங்கூட்டுக்காரரு வேண்டாம்ங்கறாருங்க சார்" என்று அடுத்த நாளே சொல்லி முடித்திருக்கலாம். மற்ற வீட்டு ஆண்களெல்லாம் எதற்கெடுத்தாலும் கூடாது கூடாது என்கிறார்கள், இவர் வேனை எடுத்துக்கொண்டு வாடகைக்குப் போய்விடுகிறார். இன்றைக்கு மைசூர். விடியற்காலையில் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "கூப்புட்டாங்கன்னா தெளிவாச் சொல்லு, இழுத்தடிக்காத" என்றார். எதைத் தெளிவாகச் சொல்வது என்று மட்டும் சொல்லவில்லை. அவருக்குச் சமைக்க வருமா? ரசம் வைப்பார். ரசத்தோடு மூன்று மாதம் ஓடுமா? ஓடும். தங்கச்சி வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அந்தக் காரணம் நிற்காது. பாஷை தெரியாது, அது ஒரு காரணம். அங்கே போய்க் காய்ச்சல் வந்தால்? கட்டிங் மாஸ்டர் சம்சாரம் இருக்கிறாள், நல்ல மனுஷி. போகிற வழியில் ரயிலை விட்டுவிட்டால்? ஸ்டேஷனில் இறங்கினால்தானே விடுவதற்கு, இறங்காமல் இருந்துகொண்டால் போயிற்று. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வந்தவள் கடைசியில் ஒன்றில் நின்றுவிட்டாள். அங்கே போனால் டேபுக்குச் சிக்னல் கிடைக்குமா என்பதே தெரியாது. ரயிலில் ஒன்றரை நாள் என்றால் ஒரு பகல் ஒன்றரை மணியாவது ரயிலிலேயே வந்து போகும், காட்டுக்குள்ளே போகும்போது சிக்னல் விட்டுவிடும், அறுநூறும் போய்விடும். பாப்பா பிரவீணாவிடம் என்ன சொல்வது? இதுதான் உண்மையான காரணம், மற்றதெல்லாம் சும்மா, என்று மனசு கெட்டியாகச் சொன்னது. சொன்ன உடனே வெட்கமாகவும் இருந்தது. ஐம்பத்தோரு வயசில் ஒருத்தி காளான் பறிக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக ஒரிசா வரவில்லை என்று தேவசகாயத்திடம் எப்படிச் சொல்வாள்.

ஓநாய்கள் ஐந்து. மூன்றாவது வேலை. முதல் மாதம் அவற்றைக் கண்டால் கத்துவாள், அதைக் கேட்டு நாச்சிமுத்து எழுந்து வந்து பார்ப்பார். இப்போது எது எந்தப் பக்கத்திலிருந்து பாயும் என்று அவளுக்குத் தெரியும். இடமிருந்து இரண்டு, பிறகு பாறை மேலிருந்து ஒன்று, சற்று நிறுத்தி இரண்டு. பாவம், அதுகளும் தினமும் அதே பாறையிலிருந்துதான் குதிக்க வேண்டியிருக்கிறது. தீப்பந்தத்தைக் காட்டினால் ஓடிவிடும். காலர், தோள், கை, பக்கம், அடிமடிப்பு. டேபிளில் அவள் கை போகிற வரிசையும் அப்படித்தான், மாறாது, மாறினால் கண்ணுக்குத் தப்பிவிடும். தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி இந்தப் பக்கம், இல்லாததை அந்தப் பக்கம். எட்டாவதோடு நின்று கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனவள் பிறகு செக்கிங்குக்கு வந்தாள், அதற்கப்புறம் மேலே போகவில்லை, போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. இதுவரை யாரும் கேட்காததுதான் சௌகரியமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கேட்டால்தானே பயப்பட வேண்டும். எட்டாவதில் இந்தியா மேப்பு வரைவதற்கு மஞ்சள் பிளாஸ்டிக் அச்சு ஒன்று விற்பார்கள், அதைச் சுற்றிப் பென்சில் ஓட்டினால் நாடு வந்துவிடும், கடல் பக்கம் நீலம் அடிக்க வேண்டும். ஒரிசா வலது ஓரத்தில், மேலே. அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டாகிவிட்டது. ஐந்தாவது ஓநாயும் ஓடியது. மணி ஒன்று ஏழு. எழுந்து போய்ப் பயறைக் கிளறிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான்காவது, சாப்பாட்டுப் பொட்டலம். காற்றாலைக்காரியிடம் வாங்கி ஆற்றங்கரைப் படகுக்காரனிடம் கொடுக்க வேண்டும். தாடிக்காரன், ஒரு கண் கொஞ்சம் மேலே பார்க்கும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் எதையோ சொல்வான், அவனுக்குக் கீழே இரண்டு பட்டன் வரும். "இடது பக்கம்மா. எப்பவுமே இடது பக்கம். வலது பக்கம் மட்டும் அமுத்தீராத, திரும்பி வர நேரமாயிரும்" என்று பிரவீணா முதல் நாளே சொல்லியிருந்தாள். அதனால் வலது பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று சாந்தாமணி இதுவரை படித்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தால் வரும், ஆனால் அமுத்தப் போகாததை எதற்குப் படிப்பது. இன்றைக்குப் படித்தாள். ஏன் என்று கேட்டால் தெரியாது. இடது பக்கம் அமுத்திவிட்டால் மணி அடித்துவிடும், மணி அடித்துவிட்டால் தேவசகாயத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும், அதற்காகக் கொஞ்சம் நேரம் கடத்தியிருப்பாள். முதல் வார்த்தை 'டேக்'. அடுத்தது 'மீ'. மூன்றாவது கொஞ்சம் நீளமாக இருந்தது. அதைக் கூட்டிக் கூட்டி முடிப்பதற்குள் அவளுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது, கூட்டிக்கொண்டு போ என்றால் அந்தப் பக்கத்துக்குத்தானே இருக்க முடியும், படகு வேறு எதற்கு. அறுநூற்றுப் பதினோரு நாளாக இந்த ஆள் சோற்றை வாங்கிக்கொண்டு அந்தக் கரைக்கு வருகிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். தினமும் அவள் பதில் சொல்லாமல் திரும்பி வந்திருக்கிறாள். விரல் தானாகப் பட்டுவிட்டது என்றுதான் பிறகு பிரவீணாவிடம் சொன்னாள். அது பொய். விரல் சிறிது நேரம் நடுவிலேயே நின்றது, மணி ஒன்று பத்துத்தான், போய்ப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டது, பிறகு வலது பக்கம் போய் அமுத்தியது.

படகு போனது. அப்படி ஒரு தண்ணீரை அவள் அந்த விளையாட்டில் பார்த்ததே இல்லை, கரையிலிருந்து பார்க்கும்போது பச்சையாகத் தெரிந்தது நடுவில் கறுத்துப் போய், அடியில் ஏதோ பெரிதாக அசைந்தது. அந்தக் கரையில் பெண்ணை இறக்கி விட்டுவிட்டுத் தாடிக்காரன் திரும்பிப் போய்விட்டான். ஏ, நில்லு, என்று வாய்விட்டே சொன்னாள். போய்விட்டான். பொட்டலம் அவன் கையில், வேலை முடிந்த மணி இன்னும் அடிக்கவில்லை, அவனைத் திரும்பிக் கூப்பிட என்ன அமுத்த வேண்டும் என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தாள். மஞ்சள் கோடு இல்லை. அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், கோடே இல்லை, இடுப்பளவு வெள்ளைப் புல் மட்டும் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. விளையாட்டுத்தானே என்று சொல்லிப் பார்த்தாள், நெஞ்சுக்கு அது தெரியவில்லை. சரி, கரையோரமாகவே நடந்தால் எங்கேயாவது பாலம் இருக்கும் என்று இடது பக்கம் நடந்தாள். பாலம் இல்லை, ஒரு மதில் வந்தது. மதிலை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை டேபிளில் துணியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டே போனாள், கீழே ஒரு இடத்தில் கல் விட்டிருந்தது, தையல் விட்டது மாதிரிதான், மற்றவர்கள் பார்த்தால் தெரியாது. குனிந்து உள்ளே போனால் அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. இத்தனை நாளில் அங்கே மழை பெய்து அவள் பார்த்ததில்லை. தொப்பிக்காரி நனைந்தாள், அவள் தொப்பி நனைந்து கறுத்தது, அதைக்கூட ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். ஒரு மொட்டைப் பாறை மேல் வீடு ஒன்று இருந்தது, கதவைத் தள்ளினால் திறந்தது, உள்ளே யாரும் இல்லை, அடுப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது. யார் பற்ற வைத்த தீ? இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்களா? மேசை மேல் இரண்டு கிண்ணம். ஒன்று காலி. பின்பக்கக் கதவைத் திறந்தால் படி இறங்கியது, வெட்டவெளியில், கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஏதேதோ வெளிச்சம், ஊரா, மின்மினியா, இன்னும் இரண்டு படி இறங்கினால் தெரியும், இன்னும் இரண்டு. வழியில் காது நீண்ட ஒரு பிராணி வந்து அவளைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்தது. கடிக்குமா என்று நின்றாள். கடிக்கவில்லை. அவள் நின்றால் நின்றது. நீ யாரு சாமி, என்று கேட்டாள். படி முடிந்த இடத்தில் தண்ணீரே இல்லாத ஒரு கிணறு, அதற்குள்ளிருந்து பாட்டு மாதிரி ஏதோ சத்தம். எட்டிப் பார்க்கக் கையை நகர்த்தும்போது மூக்கில் தீய்ந்த வாசம் அடித்தது.

பயறு. எழுந்து ஓடினாள். சட்டியின் அடி பிடித்துவிட்டிருந்தது, அடுப்பை அணைத்து இறக்கி வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பத்தொன்று. கடிகாரம் வேகமாக ஓடுகிறதோ என்று செல்லைப் பார்த்தாள், அதிலும் ஒன்று நாற்பத்தொன்றுதான். டேபின் மூலையில் சைபர் இருந்தது. மணி அடிக்கவில்லை, சத்தம் எதுவும் இல்லை, எப்போது மாறியது என்றுகூடத் தெரியாது, ஆறு ஒன்று ஒன்று இருந்த இடத்தில் ஒற்றைச் சைபர். சாந்தாமணி கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல், கல்யாண மண்டபம், மதியச் சோறு எல்லாம் அதற்குள் இருந்தது. அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை, பதிலுக்கு வேறொன்று வந்து உறுத்தியது. அரை மணி நேரமாக அவள் தேவசகாயத்தை நினைக்கவில்லை. ஒரிசாவை, ரயிலை, ரசத்தை எதையும் நினைக்கவில்லை. புதன்கிழமையிலிருந்து பல் வலி மாதிரி விடாமல் இருந்தது, இந்த அரை மணி மட்டும் எங்கே போயிருந்தது? அது இருக்கட்டும். முதலில் பாப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அவளாகப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று செல்லில் கூப்பிட்டாள்.

"பாப்பா, ஒண்ணு சொன்னா வையக் கூடாது."

"என்னாச்சு? அப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"அவருக்கென்ன, மைசூர்ல போண்டா தின்னுட்டிருப்பாரு. இது வந்து உன்ற கேமு. விரல் தெரியாம பட்டுருச்சு சாமி. அறுநூத்திப் பதினொண்ணும் போயிருச்சு. சைபர் காட்டுது."

புனேயில் யாரோ பிரஷர் குக்கரைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பிரவீணா சிரித்தாள். சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, அழறயா?"

"அழல. சொல்லு, நீ வைதாலும் பரவால்ல."

"நான் எதுக்கும்மா வையறேன்? நான் அதத் தொட்டே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இங்க வந்து ரெண்டு மாசம் ஃபோன்ல பார்த்துட்டிருந்தேன், அப்பறம் அதையும் விட்டுட்டேன்."

"அப்பறம் எதுக்கு ஃபோன் பண்றப்பெல்லாம் இன்னிக்குப் பண்ணிட்டயாம்மான்னு கேப்ப?"

"நீ ஆசையா சொல்லுவயே, இன்னிக்கு நானூறு, இன்னிக்கு ஐநூறுன்னு. உனக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன். நான் விட்டுட்டேன்னு சொன்னா நீயும் விட்டுருவ, பாவம், உனக்கும் பொழுது போகணுமேன்னு..."

"எனக்கா? எனக்கெதுக்குடி அந்தக் காளான்!"

கரண்டியிலிருந்து பயறு தரையில் சொட்டியது. சாந்தாமணி காலால் துணியை இழுத்து அதன் மேல் போட்டாள். ஒருத்திக்காக இன்னொருத்தி, அவளுக்காக இவள் என்று அத்தனை வாளித் தண்ணீர். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபமும் பெரிதாக இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"அது சரி, அந்தக் கெணத்துக்குள்ள பாடறது யாரு?"

"எந்தக் கெணறும்மா?"

"அந்தக் கரையில. மழை பேயுது, ஒரு வீடு இருக்குது, ஆளில்ல, அடுப்பு மட்டும் எரியுது. பின்னாடி படி எறங்குது. நீ பார்த்ததில்லயா?"

"இல்லம்மா. நான் அந்தப் பக்கம் போனதேயில்ல. போனா திரும்பி வர நேரமாகும், அன்னிக்குக் கணக்கு விட்டுப்போயிரும்னு..." பிரவீணா நிறுத்தினாள். "நாளைக்குப் போவலாம்னு இருந்தேன். அப்படியே வுட்டுட்டேன். நெஜமாவே உள்ள யாரோ பாடறாங்களா?"

"பாட்டு மாதிரிதான். சரியாக் கேக்கல."

"பார்த்துட்டுச் சொல்லும்மா."

செல் காதருகே பீப் பீப் என்றது. எடுத்துப் பார்த்தாள். தேவசகாயம். மணி ஒன்று ஐம்பத்தாறு. இந்த மனுஷன் எதிலும் நாலு நிமிஷம் முந்தித்தான். "வேற ஃபோன் வருது பாப்பா, அப்பறம் பேசறேன்" என்றாள். ஒரிசா விஷயத்தை மகளிடம் அவள் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் போய்ட்டு வாம்மா என்பாள், அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. பச்சைப் பட்டனைத் தேய்ப்பதற்குள், முடியாதுங்க சார், மன்னிச்சுக்கங்க, என்பதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாக்கியம் சுத்தமாக வந்தது.

"அக்கா, தேவசகாயம். சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க சார்."

"சரி, நான் சுத்தி வளைக்கல. உங்களுக்குச் சங்கடம்னு எனக்குத் தெரியும். வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். சரோஜினியக் கேட்டுக்கறேன்."

வழி விட்டுவிட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதுவும் தேவையில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே அவராகப் புரிந்துகொண்டு வைத்துவிடுவார். சரோஜினிக்கு அடிமடிப்பில் நூல் தப்பும். மூன்றில் ஒன்று தப்பும், பத்து வருஷமாகச் சொல்லியும் மாறவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தால் நாற்பது பெண்களுக்கும் தப்பும்.

"அந்தப் புள்ளைகளுக்கு முன்னாடி எங்கயாச்சும் வேல செஞ்ச பழக்கம் இருக்குதுங்களா?"

"எங்க? எல்லாம் புதுசு. ஊசில நூல் கோக்கத் தெரிஞ்சா அதிசயம்."

"தமிழ் தெரியாதுங்களே."

"உங்களுக்கு ஒரியா தெரியாது. சரிக்குச் சரி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள், வேறொன்று வந்தது.

"கீழ் பர்த்தாப் பார்த்துப் போடச் சொல்லுங்க சார்."

"என்னக்கா?"

"டிக்கெட்டு. மேல படுத்தா எனக்குத் தலை சுத்தும்."

"அப்ப வர்றீங்களா?"

"மொதல்ல கீழ் பர்த்து இருக்குதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்தாள். சரோஜினி சிரிப்பாள், நாச்சிமுத்து ஓஹோ என்பார், இரண்டும் இனிமேல்தான். பயம் எங்கேயும் போகவில்லை, வந்து அடுப்படியில் பக்கத்திலேயே நின்றது. சாந்தாமணி தட்டை எடுத்தாள். தீய்ந்த அடியைத் தொடாமல் மேலாகப் பயறை வழித்துச் சோற்றில் போட்டு, நின்றுகொண்டே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பசி.